குருதியின் வழி கண்டவர்

நோயாளியின் மணிக்கட்டைப் பற்றி நாடி பார்ப்பது மருத்துவரின் தொன்மையான வழக்கம். ஆனால், விரலுக்கடியில் துள்ளும் குருதி எங்கிருந்து புறப்படுகிறது, எங்கே சென்று சேர்கிறது என்பதைச் சான்றோடு சொல்ல வல்லார் 17ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை ஐரோப்பாவில் ஒருவரும் இலர். அதனைக் கண்டு சொன்னவர் வில்லியம் ஹார்வி.

இங்கிலாந்தின் தென்கிழக்குக் கரையிலுள்ள ஃபோக்ஸ்டன் என்னும் ஊரில் 1578ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாளில் அவர் பிறந்தார். கேம்பிரிட்ஜில் கல்வி கற்றபின், மருத்துவம் பயில இத்தாலியின் பதுவா நகருக்குச் சென்றார். அங்கே வட்ட வட்டமாக உயர்ந்த குறுகிய மாடங்களில் மாணவர்கள் நெருங்கி நின்று, கீழே நடுமேடையில் பிணம் அறுக்கப்படுவதை உற்று நோக்குவர். ஹார்வியின் ஆசிரியர் ஃபாப்ரீசியஸ், சிரைகளின் உள்ளே சிறு கதவுகள் போன்ற வால்வுகள் இருப்பதை அம்மேடையில் காட்டினார். குருதி கைகால்களில் மிகுதியாகத் தேங்காமல் அவை தடுக்கின்றன என்று அவர் கருதினார். கதவைக் கண்ட ஆசிரியர், அது எப்பக்கம் திறக்கிறது என்பதன் பொருளை எண்ணிப் பார்க்கவில்லை. அவ்வினா மாணவரின் உள்ளத்தில் தங்கிற்று.

1602இல் பட்டம் பெற்று இலண்டன் திரும்பிய ஹார்வி, 1609இல் புனித பர்த்தலோமியு மருத்துவமனையில் மருத்துவரானார். அக்காலத்தில் கேலன் என்னும் கிரேக்க மருத்துவரின் கொள்கையே கோலோச்சியது. உண்ட உணவு கல்லீரலில் குருதியாகிறது. அது சிரைகளின் வழியே பரவி உறுப்புகளால் உறிஞ்சப்பட்டுத் தீர்ந்துவிடுகிறது. இதயத்தின் நடுச்சுவரிலுள்ள கண்ணுக்குத் தெரியாத துளைகள் வழியே அதில் ஒரு பகுதி வலப்புறத்திலிருந்து இடப்புறம் கசிகிறது என்பன அவர்தம் முடிபுகள். கேலன் பெரும்பாலும் குரங்குகளையும் பன்றிகளையும் அறுத்துப் பார்த்தே எழுதியவர். எனினும், ஏறத்தாழ 1400 ஆண்டுகள் அவர் சொல்லே மருத்துவரின் வேதமாக இருந்தது. அதனை மறுப்பவர் நோயாளிகளையும் நற்பெயரையும் ஒருங்கே இழக்க நேரிடும்.

ஹார்வி உயிருள்ள விலங்குகளின் இதயத்தை நேரில் ஆராய்ந்தார். வெப்ப இரத்த விலங்குகளின் இதயம் மின்னல்போல் துடிப்பதால், அதன் அசைவைப் பிரித்தறிய முடியாமல் முதலில் அவர் மனம் தளர்ந்ததும் உண்டு. பின்னர், மெல்லத் துடிக்கும் இதயமுடைய பாம்பு, தவளை, மீன் ஆகியவற்றை நாடினார். இன்று நாம் அவ்வாய்வுகளை எளிதில் ஏற்கமாட்டோம். ஆயினும், அக்காலத்தில் வேறு வழி இருக்கவில்லை. பாம்பின் இதயத்துக்குள் குருதியைக் கொணரும் பெருஞ்சிரையை அழுத்தியபோது, இதயம் வெளிறிச் சுருங்கியது. வெளிக்கொண்டு செல்லும் தமனியை அழுத்தியபோது, அது கருஞ்சிவப்பாகிப் பருத்தது. இதயத்தின் வேலை விரிவதன்று, சுருங்கித் தள்ளுவதே என்று அவர் தெளிந்தார். அந்தத் தள்ளலால் தமனி புடைப்பதே நாடி.

அவ்வாறாயின் வழி யாது? உடலெங்கும் சென்ற குருதி இரு பெருஞ்சிரைகளால் வலது ஆரிக்கிளை அடைகிறது. அங்கிருந்து வலது வெண்ட்ரிக்கிளுக்கு இறங்கி, நுரையீரல் தமனி வழியே நுரையீரலுக்குச் செல்கிறது. நுரையீரல் சிரைகளால் இடது ஆரிக்கிளுக்குத் திரும்புகிறது. பின் இடது வெண்ட்ரிக்கிள் அதனைப் பெருந்தமனிக்குள் உந்துகிறது. நடுச்சுவரில் துளை ஏதும் இல்லை. நுரையீரல் வழியே குருதி செல்வதை 13ஆம் நூற்றாண்டிலேயே இப்னு நஃபீஸ் என்னும் அரபு மருத்துவர் எழுதியிருந்தார். முழுச் சுழற்சியை நிறுவியவரோ ஹார்வி.

அவர் நிறுவிய முறைதான் வியப்புக்குரியது: கணக்குப் போட்டார்! ஒரு துடிப்பில் அரை அவுன்சு மட்டுமே வெளியேறுவதாகக் கொண்டாலும், அரை மணியில் 1000 துடிப்புக்கு 500 அவுன்சு, அதாவது 14 கிலோவுக்கும் மேல் வெளியேறவேண்டும். உடலிலுள்ள மொத்தக் குருதியே அவ்வளவு இல்லை. உண்ணும் உணவிலிருந்து அத்தனையும் அந்நேரத்தில் ஊறவும் முடியாது. ஆதலின், சென்றதே மீண்டு வருகிறது.

அடுத்து மனிதக் கையை எடுத்துக்கொண்டார். மேற்கையை இறுகக் கட்டினால் நாடி மறைந்து கை குளிர்ந்தது. கட்டைச் சற்றே தளர்த்தினால், ஆழத்திலுள்ள தமனி திறக்க, மேலேயுள்ள சிரை மட்டும் அடைபட்டு, கட்டுக்குக் கீழே புடைத்தது. அப்புடைத்த சிரையை ஒரு விரலால் அழுத்திக்கொண்டு, குருதியை மற்றொரு விரலால் தோள்நோக்கி வழித்துவிட்டால், அடுத்த வால்வைத் தாண்டிய குருதி திரும்பி இறங்கவில்லை. ஆசிரியர் காட்டிய கதவுகள் இதயத்தை நோக்கியே திறப்பவை என்பது வெளியாயிற்று.

1616இலேயே இதயத்தைப் பற்றி விரிவுரை ஆற்றத் தொடங்கியவர், பல்லாண்டு பொறுத்து, 1628இல்தான் இலத்தீன் மொழியில் 72 பக்க நூலைப் பிராங்பர்ட் நகரில் வெளியிட்டார். அவர் அஞ்சியது நிகழ்ந்தது. அவரிடம் வந்த நோயாளிகள் குறைந்தனர். பாரிசு நகரின் ரியோலான் முதலிய பெரும் மருத்துவர்கள் மறுத்தனர். ரியோலானுக்கு ஹார்வி 1649இல்தான் மறுமொழி எழுதினார்.

மன்னர் முதலாம் சார்லசின் மருத்துவராகவும் அவர் விளங்கினார். சிறுவயதில் விழுந்து விலா முறிந்ததால் மார்பில் துளையுடன் வாழ்ந்த உயர்குடி இளைஞர் ஒருவரை அவர் மன்னரிடம் அழைத்துச் சென்றார். துடிக்கும் இதயத்தை மன்னர் விரலால் தொட்டார். இளைஞர் அத்தொடுகையை உணரவே இல்லை. பின்னர் மூண்ட உள்நாட்டுப் போரில், ஹார்வியின் இல்லம் சூறையாடப்பட்டுப் பல்லாண்டு ஆய்வுக் குறிப்புகள் அழிந்தன. அவ்விழப்பு அவரை இறுதிவரை வருத்தியது.

1657ஆம் ஆண்டு ஜூன் 3ஆம் நாள் அவர் மறைந்தார். தமனியின் முடிவிலிருந்து சிரையின் தொடக்கத்துக்குக் குருதி எவ்வாறு கடக்கிறது என்பதை மட்டும் அவர் காணவில்லை. வழி இருந்தே தீரும் என்று கணக்கால் அறிந்திருந்தார். நான்கு ஆண்டுகள் கழித்து, 1661இல், இத்தாலியின் மார்செல்லோ மால்பீகி தவளையின் நுரையீரலை நுண்ணோக்கியின் கீழ் வைத்தார். மயிரிழையினும் நுண்ணிய தந்துகிகள் அங்கே தமனியையும் சிரையையும் இணைத்துக்கொண்டிருந்தன.