குற்றாலத்துக்கு மேலே பனி... அதை அளக்கும் அலையைத் தந்த ஜெகதீஷ் சந்திர போஸ் யார்?

தென்காசிக்காரங்களுக்குச் சாரலும் தெரியும், அருவியில் வரும் திடீர் வெள்ளமும் தெரியும். ஆனா, குற்றாலத்துக்கு மேலே வானத்தில் பனி பெய்யுதுன்னு சொன்னா நம்புவீங்களா?

உயரமான இடிமேகங்களில், சுமார் 5 கி.மீ.க்கு மேல் வெப்பநிலை 0 டிகிரிக்குக் கீழே போய்விடும். அங்கே உருவாகும் பனித்துகள்கள் இறங்கும் வழியில் உருகி மழையாகின்றன.

இதைத் தரையிலிருந்தே பார்க்கும் கருவிதான் மைக்ரோ ரெயின் ரேடார். 12.5 மி.மீ. நீளமுள்ள மைக்ரோ அலையை மேல்நோக்கி அனுப்பும். உருகும் பனியில் தண்ணீர் படிவதால் அலை பலமாகத் திரும்பி வரும். குற்றாலம் இருக்கும் அதே மேற்குத் தொடர்ச்சி மலையில், கேரளாவின் பிரைமோர், ராஜமலையில் இந்த ஆய்வு நடந்திருக்கிறது.

இவ்வளவு சின்ன அலைகளை 1890-களிலேயே கல்கத்தாவில் உருவாக்கியவர் போஸ்.

1858 நவம்பர் 30-ல், இப்போது வங்கதேசத்தில் இருக்கும் மைமன்சிங்கில் பிறந்தார். இங்கிலாந்தில் படித்துவிட்டு, 1885-ல் பிரசிடென்சி கல்லூரியில் இயற்பியல் பேராசிரியர் ஆனார். இந்தியர் என்பதால் ஆங்கிலேயர்களை விடக் குறைந்த சம்பளம். போஸ் வேலையை விடல. 3 வருஷம் சம்பளத்தையே தொடாமல் பாடம் நடத்தினார். கடைசியில் அரசு இறங்கி வந்து, முழுச் சம்பளத்தை நிலுவையோடு கொடுத்தது.

ஆய்வுக்கும் பெரிய வசதி கிடையாது. உள்ளூர் தகரவேலைக்காரரைப் பழக்கி, கருவிகளை அங்கேயே செய்துகொண்டார். 1895-ல் கல்கத்தா டவுன் ஹாலில், கம்பியே இல்லாமல் அலையை அனுப்பி மணியை ஒலிக்கவைத்தார், வெடிமருந்தைப் பற்றவைத்தார். அவர் உருவாக்கிய அலைகளில் 5 மி.மீ. அலையும் உண்டு. 1897-ல் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் இதை விளக்கினார்.

கண்டுபிடிப்பைக் காசாக்குவதில் அவருக்கு விருப்பமில்லை. நண்பர்கள் வற்புறுத்தியதால் அலையை உணரும் கருவிக்கு 1904-ல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. அதையும் காலாவதியாக விட்டுவிட்டார். 1917-ல் போஸ் ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கினார். 1937 நவம்பர் 23-ல் இறந்தார். ரேடார் பரவலானது அதன் பிறகு, இரண்டாம் உலகப்போரில்.

சரி, பனி உருகும் உயரம் நமக்கு எதுக்கு? அந்த உயரத்தில் வரும் பலமான எதிரொலியை, பெரிய வானிலை ரேடார்கள் கனமழைன்னு தப்பாக் கணக்குப் போட்டுடலாம். உயரம் தெரிந்தால் திருத்தலாம். மலையில் பெய்யும் மழை, கீழே குளிப்பவர் கண்ணுக்குத் தெரியாது. அங்கே சரியான கணக்குதான் உயிரைக் காக்கும்.