பேக்கர் துரையின் துவக்குகள்

நாவிதன்வெளி வட்டையிலே நெற்பயிர் குடலை தள்ளிக் கதிர் பால்பிடிக்கும் காலம் வந்துவிட்டால், எங்கள் குடும்பத்து ஆண்களுக்கு இராத்தூக்கம் பாதியாகிவிடும். மேற்கே காட்டுப்புறத்திலிருந்து யானை இறங்கும் காலம் அது. என் பிள்ளைப் பிராயத்தில், மூத்தவாப்பாவின் பின்னே கிட்டங்கித் தாம்போதியைக் கடந்து வயற்காவலுக்குப் போன இரவுகள் இன்னும் என் நினைவில் நிற்கின்றன. பரணிலே ஓர் அரிக்கன் லாம்பு, தட்டி ஒலியெழுப்ப ஒரு தகரம், அவற்றோடு மூத்தவாப்பாவின் துவக்கு. வாய்வழியே மருந்து கொட்டி, சன்னமும் தேங்காய்ப் பொச்சும் வைத்துக் கோலால் இடித்துக் கெட்டிக்கும் பழைய காலத்துத் துவக்கு அது. அதன் சோங்கு எப்போதோ பிளந்து, செப்புக் கம்பியால் வரிந்து கட்டப்பட்டிருந்தது.

தை மாதத்து இரவொன்றில், தூறல் விழுந்துகொண்டிருந்த வேளையில், அலியன் யானை ஒன்று வரம்பேறி வந்தது. மூத்தவாப்பா குறிபார்த்து விசையை இழுத்தார். கேப்பு மட்டும் வெடித்தது, மருந்து பற்றவில்லை. ஈரம் ஏறிவிட்டது போலும். அவர் பழைய மருந்தைக் கொட்டிப் புதிதாகக் கெட்டிப்பதற்குள், பரணுக்குக் கீழே தீப்பந்தம் ஏந்தி நின்ற எங்கள் முல்லைக்காரரை யானை அடித்துவிட்டது. அம்மனிதருக்கு மூன்று பிள்ளைகள். அன்றைக்குப் பிறகு மூத்தவாப்பா அத்துவக்கைக் கையால் தொடவில்லை. வாப்பாதான் அதற்கு எண்ணெய் பூசி, உரிமப் பத்திரத்தை ஆண்டுதோறும் புதுப்பித்து வந்தார். பின்னர் போர்க்காலத்தில் அதுவும் வீட்டை விட்டுப் போயிற்று.

அத்துயரம் நிகழ்ந்த அதே ஆண்டிலேதான், கல்முனையில் ஆசிரியராயிருந்த என் மாமா ஓர் ஆங்கில நூலை என்னிடம் தந்து, அகராதியை அருகில் வைத்துக்கொண்டு படிக்கும்படி பணித்தார். இலங்கையில் துவக்கும் வேட்டை நாயும் என்பது அதன் பொருள். அதனை எழுதியவர் சாமுவேல் வைட் பேக்கர் என்னும் ஆங்கிலேயர். நான் அந்நூலை மூன்று முறை படித்தேன். முதன்முறை வியப்போடு, அடுத்த முறை பொறாமையோடு, மூன்றாம் முறை, வயது முதிர்ந்த பின், ஒருவகைக் கோபத்தோடு. அந்த மனிதரின் சரிதத்தை வாசகர்களுக்குச் சொல்லவே இங்கு முற்பட்டேன்.

பேக்கர் 1821ஆம் ஆண்டு ஜூன் 8ஆம் நாள் இலண்டனிலே பிறந்தார். தந்தையார் கப்பல் வணிகத்தாலும், ஜமெய்க்கா, மொரீசியஸ் ஆகிய தீவுகளின் கரும்புத் தோட்டங்களாலும் பெருஞ் செல்வம் ஈட்டியவர். பிள்ளைக்கோ கணக்கேடு கசந்தது, துவக்கு இனித்தது. பத்தொன்பது வயதிலே, 1840இல், பிரிஸ்டல் நகரத்து கிப்ஸ் என்னும் துவக்குத் தொழிலாளரிடம் தாமே அளவு வகுத்துக் கொடுத்து ஒரு றைபிள் செய்வித்தார். அதன் நிறை 21 இறாத்தல். குழலின் நீளம் 36 அங்குலம். உருண்டைக் குண்டு 3 அவுன்ஸ். கூர்முனைக் குண்டு 4 அவுன்ஸ். ஒருமுறை வெடிக்க ஓர் அவுன்ஸ் மருந்து. 21 இறாத்தல் என்றால் என்னவென்று என் பேரன் கேட்டான். கடையிலிருந்து வந்த பத்துக் கிலோ அரிசிப் பையைத் தோளில் தூக்கி, அசையாமல் பிடித்துக் குறிபார்க்கச் சொன்னேன். அரை நிமிடத்தில் இறக்கிவிட்டான்.

இத்தகைய பாரத்துக்குக் காரணம் உண்டு. அந்நாளில் வேட்டைக்காரர் பெரும்பாலும் வழுவழுப்பான குழலையுடைய துவக்கையே நம்பினர். குழலின் உட்புறத்தில் திருகுவரி வெட்டிவிட்டால் குண்டு சுழன்று நேரே போகும். ஆனால் மருந்தைக் கூட்டினால் ஈயக் குண்டு வரியைப் பற்றாமல் வழுக்கிவிடும். ஆதலால் றைபிளுக்குச் சிறிதளவு மருந்தே போதும் என்று துவக்குத் தொழிலாளர் வாதித்தனர். பேக்கர் அதை ஏற்கவில்லை. குண்டின் நடுவே ஒரு வளையம் வார்த்து அதைக் குழலின் வரியோடு பொருத்தினார், குழலைத் தடிப்பாக்கினார், மருந்தைப் பலமடங்கு கூட்டினார். பெருமிருகத்துக்குப் பெருங்குண்டும் பெருமருந்துமே வேண்டும் என்பது அவர் கொள்கை. பிற்காலத்து யானைத் துவக்குகள் பல இவ்வழியையே பின்பற்றின. அவ்வளவு மருந்தின் உதைப்பைத் தாங்கத் துவக்கு பாரமாக இருந்தே ஆகவேண்டும். அதனைத் தூக்கும் தோளும் அவ்வாறே இருக்கவேண்டும். பேக்கருக்கு அது இருந்தது.

1843இல் ஹென்றியெற்றா மார்ட்டின் என்னும் பெண்ணை மணந்து, மொரீசியஸ் தீவில் சிலகாலம் தோட்டம் பார்த்து, 1846இல் இலங்கைக்கு வந்தார். வந்தது வேட்டைக்காகவே. அடுத்த ஆண்டு காட்டுக் காய்ச்சலில் விழுந்து, உடல் தேற நுவரெலியாவுக்குப் போனார். அங்குள்ள குளிரும் தண்ணீரும் இரண்டே வாரத்தில் அவரை எழுப்பிவிட்டன. ஆறாயிரம் அடிக்கு மேற்பட்ட அம்மலையுச்சியில் ஓர் ஆங்கிலக் கிராமத்தையே உண்டாக்கினால் என்ன என்று தோன்றியது. தோன்றியதும் செய்தார். 1848இல் பண்ணை மேற்பார்வையாளர், கொல்லர் முதலிய குடும்பங்களும், உயர்சாதி மாடும் ஆடும் குதிரையும், வேட்டை நாய்களும், கலப்பைகளும் கப்பலேறி வந்தன. மலையேறும்போது நேர்ந்த கூத்துக்களை அவரே எழுதியிருக்கிறார். குடிபோதையிலிருந்த குதிரைக்காரன் புது வண்டியைப் பள்ளத்தில் உருட்டினான். உதவிக்கு அனுப்பிய யானையையும் அவனே ஓட ஓட விரட்டி, அதுவும் மாண்டது. எத்தனை இடர் நேர்ந்தும் மனிதர் தளரவில்லை என்பதை மறுக்க முடியாது.

நுவரெலியாவில் மரை வேட்டைக்கு அவர் துவக்கு எடுத்ததில்லை. நாய்கள் மரையை விரட்டி ஆற்றுமடுவில் மறிக்கும். துரை ஓடிச்சென்று நீரில் இறங்கிக் கத்தியாலே முடிப்பார். இலண்டனில் பேஜெற் என்னும் கடையிலே தம் சொந்த மாதிரிக்குச் செய்வித்த கத்தி அது. அலகு ஓரடி நீளம், இரண்டு அங்குல அகலம். முழுக் கத்தியும் 3 இறாத்தல் நிறை. சமவெளிக்கு இறங்கும்போதுதான் துவக்குகள் இறங்கும்: 21 இறாத்தல் றைபிள் ஒன்று, 16 இறாத்தலில் இரண்டு அவுன்ஸ் குண்டு எறியும் நீண்ட றைபிள் ஒன்று, இரட்டைக் குழல் றைபிள்கள் நான்கு. வழுவழுப்புக் குழல் துவக்குகளை அவர் ஒரு பொருட்டாகவே மதிக்கவில்லை. குடைபோல் விரியும் கூடாரம் ஒன்றும் கூடவே போகும். மழை புகாத கூடாரமும் நனையாத மருந்தும் இல்லாமல் காட்டில் கால் வைக்காதே என்பது அவர் போதனையின் சாரம். அப்பகுதியை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தத் தை மாதத்து இரவே நினைவுக்கு வரும்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். வாய்வழி மருந்திடும் துவக்கில் ஒரு குழலுக்கு ஒரு வெடிதான். யானை எதிரே நிற்கையில் மறுபடி கெட்டிக்க நேரமில்லை. ஆகவே கெட்டித்த துவக்குகளோடு ஆட்கள் துரையின் பின்னால் நிற்பார்கள். பத்து அடி தூரத்தில் யானை துதிக்கையைச் சுருட்டிப் பாய்ந்து வரும்போது, ஓடாமல் நின்று அடுத்த துவக்கைக் கையில் கொடுப்பவனுக்கு எத்தனை தீரம் வேண்டும்! பேக்கரின் வெற்றிகளுள் பாதி அந்தக் கைகளுக்கு உரியது. துரையின் நூலிலோ அவர்கள் ஓடிய கதைகள்தாம் அதிகம்.

பதுளைக்குக் கிழக்கே நில்கல நாட்டுப் புல்வெளிகள் அவருக்கு மிகவும் உவந்த வேட்டைக்களம். பட்டிப்பளை ஆறு பாயும் நாடு அது. அதே ஆற்றை மறித்தே கல்லோயாத் திட்டம் 1949இல் தொடங்கப்பெற்றது. அந்நீரே இன்று எங்கள் வயலிலும் பாய்கிறது. அவர் யானையைச் சுட்ட நிலத்துக்குக் கீழ்ப்புறத்திலே நாங்கள் யானைக்குக் காவல் இருக்கிறோம்.

கீழ்மாகாணத்து முஸ்லிம்களைப் பற்றியும் அவர் கண்டு எழுதியிருக்கிறார். துவக்கே இல்லாமல், தோலால் திரித்த கயிற்றை மட்டும் ஏந்தி, காட்டு யானையின் பின்னே ஓசையின்றி ஊர்ந்து, பின்னங்காலில் சுருக்கிட்டு, மறுமுனையை மரத்தில் சுற்றி அதனை உயிரோடு பிடிக்கும் வித்தை பணிக்கர்களுக்குக் கைவந்தது. பேக்கர் அத்தகையோருடன் காட்டுக்குப் போய் அக்கலையை நேரில் பார்த்து வியந்தார். எங்கள் பக்கத்திலே பணிக்கர் என்ற பெயர் இன்றும் மரியாதையோடு வழங்குகிறது.

அந்நாளில் யானையைக் கொல்வது குற்றமன்று; அரசே வெகுமதி கொடுத்தது. 1848க்கு முந்திய மூன்றாண்டுக்குட்பட்ட காலத்தில், வடபகுதியிலே மட்டும் 3,500க்கு மேற்பட்ட யானைகள் இவ்வாறு கொல்லப்பட்டதாக எமர்சன் டெனன்ட் பதிந்துள்ளார். பதுளையில் உதவி அரசாங்க அதிபராயிருந்த மேஜர் ரொஜர்ஸ் ஒருவரே ஆயிரத்துக்கு மேல் சுட்டார் என்பர். 1845இல் அப்புத்தளையில் இடி விழுந்து மாண்டார். இவர்களோடு ஒப்பிட்டால் பேக்கர் தனியொரு கொடியவர் அல்லர். ஆயினும் சில பயணங்களின் முடிவில் எத்தனை யானை, எத்தனை எருமை என்று கடைக்காரன் கணக்குப்போல் அவர் எழுதி வைத்திருப்பதைப் படிக்கையில் நெஞ்சு கூசுகிறது. உழவனின் பயிரைக் காப்பதற்கே யானையைச் சுடுவதாக அவர் நியாயம் சொன்னார். அது முழுப்பொய் அன்று. ஆனால் வயலை அழித்த யானையைத் தேடி அவர் போனதைக் காட்டிலும், யானை நிறைந்த காட்டைத் தேடிப் போனதே அதிகம். எங்கள் முல்லைக்காரரைக் கொன்ற அலியனுக்கும் நில்கலப் புல்வெளியில் மேய்ந்து நின்ற கூட்டத்துக்கும் உள்ள வேறுபாடு அவர் துவக்குக்குத் தெரியவில்லை. பாழடைந்த பழங்குளங்களைத் திருத்தி நெல் விளைவிக்கவேண்டும் என்று அவர் அரசை இடித்துரைத்து எழுதிய பக்கங்களுக்காக, இக்கோபத்தை ஓரளவு குறைத்துக்கொள்கிறேன்.

1855இல் நலங்குன்றிய குடும்பத்தோடு இலங்கையை விட்டு நீங்கினார். அவ்வாண்டு டிசம்பர் 29ஆம் நாள், பிரான்சு நாட்டிலே மனைவியார் காய்ச்சலில் மாண்டார். நான்கு பெண் குழந்தைகளைச் சகோதரியிடம் ஒப்படைத்துவிட்டு, மனம் ஒரு நிலையில் நில்லாமல் அலைந்தார். 1859இல், துருக்கியர் ஆட்சியிலிருந்த விடின் நகரத்து அடிமைச் சந்தையில் ஒரு ஹங்கேரிய இளம்பெண்ணைக் கண்டு, அவளை மீட்டுத் தம்மோடு அழைத்துச் சென்றார். புளோரன்ஸ் என்னும் அப்பெண்ணே அவருடைய பிற்கால வாழ்வின் துணை.

அவ்விருவரும் 1861இல் நைல் நதியின் பிறப்பிடம் தேடிப் புறப்பட்டனர். அபிசீனிய எல்லையில் ஹம்ரான் அரபு வேட்டைக்காரரோடு கழித்த மாதங்களைப் பேக்கர் வருணிக்கும்போது, அவருடைய செருக்கு எங்கோ போய்விடுகிறது. அவர்கள் வாள் ஒன்றையே ஏந்திய குதிரை வீரர். ஒருவன் யானையின் முகத்தெதிரே குதிரையைச் செலுத்தி அதனைத் துரத்தச் செய்வான். மற்றவன் பின்னால் பாய்ந்து இறங்கி, ஒரே வீச்சில் பின்னங்கால் நரம்பை அறுப்பான். முன்னே ஓடி உயிரைப் பணயம் வைப்பவர் றோடர் ஷெரீப் என்பவர். அவருக்கு இடக்கை சூம்பியிருந்தது. அந்நாளில் பேக்கரிடம் இருந்தது, அரை இறாத்தல் வெடிகுண்டு எறியும் ஹொலண்ட் றைபிள். அரபியர் அதற்குப் பீரங்கியின் பிள்ளை என்று பெயர் வைத்தனர். அது உதைக்கும் உதையில் துரையே சுழன்று போவார். அதை எடுக்க அவருக்கே அச்சம். வாளேந்திய அம்மனிதரைத் தமக்கு மேலான வேட்டைக்காரர் என்று அவர் மனமார ஏற்றார். நில்கலவில் துவக்குச் சுமந்தவர்களுக்கும் இப்பெருந்தன்மையில் ஒரு துளி கிடைத்திருக்கலாம் என்று நான் எண்ணுவதுண்டு.

1864 மார்ச் 14ஆம் நாள், காய்ச்சலால் நொந்த இருவரும் ஒரு மேட்டில் ஏறி, கீழே கடல்போல் விரிந்த ஏரியைக் கண்டனர். அதற்கு அல்பேர்ட் ஏரி எனப் பெயரிட்டார். 1865இல் இங்கிலாந்து திரும்பிப் புளோரன்சை முறைப்படி மணந்தார். மறு ஆண்டு சேர் பட்டம் கிடைத்தது. 1869 முதல் 1873 வரை எகிப்திய மன்னரின் ஊழியத்தில், அடிமை வணிகத்தை ஒழிக்கவும் மேல்நைல் நாட்டை எகிப்துடன் சேர்க்கவும் படையோடு போனார். முதலாவது நற்பணி; இரண்டாவதை அந்நாட்டார் கேட்டிருக்கவில்லை. புன்யோரோ மன்னர் கபரேகா அவரை 1872இல் பின்வாங்கச் செய்தார்.

முதுமையில் டெவன் நாட்டிலே வீடு வாங்கித் தங்கினார். 1890இல் வெளியிட்ட காட்டு மிருகங்களைப் பற்றிய நூலிலும், ஐம்பது ஆண்டுக்கு முந்திய அந்தக் கிப்ஸ் றைபிளின் அளவுகளை மறவாமல் எழுதினார். 1893 டிசம்பர் 30ஆம் நாள் உயிர் நீத்தார். அவர் விருப்பப்படியே உடலை எரித்துச் சாம்பலை அடக்கம் செய்தனர்.

இலங்கையில் 1937ஆம் ஆண்டின் வனசீவராசிகள் சட்டம் யானைக்குக் காப்பளித்தது. 2011இல் எடுத்த கணக்கு 5,879 யானைகள் என்றது. நாவிதன்வெளிக்கு அவை இன்னும் வருகின்றன. எங்கள் வயலில் இப்போது பரணுக்குப் போவது என் தம்பியின் மகன். அவன் கையில் துவக்கு இல்லை. ஒரு டோர்ச் லைட்டும், சீலைப்பையில் சில யானை வெடிகளும் இருக்கும். மழைக் குணம் கண்டால், அவற்றை நனையாமல் பொலித்தீனில் சுற்றிக் கட்டித் தருவது என் வேலை.