தருமசேனரின் தமக்கையார்

திருப்பாதிரிப்புலியூர் என்றவுடன் நம்மவர் நெஞ்சில் எழுவது பழைய பாடலிபுரத்துச் சமணப் பள்ளியும், அதனை விட்டு நீங்கிய தருமசேனரின் நினைவுமே ஆகும். இன்று கடலூர் நகரின் பகுதியாய் விளங்கும் அவ்வூரிலேதான் சர்வநந்தி முனிவர் சக ஆண்டு 380-இல், அதாவது கி.பி. 458-இல், லோகவிபாகம் என்னும் நூலை இயற்றினார் என்பர் ஆராய்ச்சியாளர். தருமசேனரைக் குறித்து நாம் பலகாலும் பேசியிருக்கிறோம். அவருடைய தமக்கையார் திலகவதியாரை நினைத்தது குறைவு.

பண்ணுருட்டியை அடுத்த திருவாமூரில் புகழனார்க்கும் மாதினியார்க்கும் மகளாய்ப் பிறந்தவர் அவ்வம்மையார். பன்னிரண்டு வயதளவில் கலிப்பகையார் என்னும் படைத்தலைவர்க்கு அவரை மணம் பேசினர். மணநாள் வருமுன்னரே அரசன் ஆணையால் கலிப்பகையார் வடபுலப் போருக்குச் சென்றார். போர் நீண்டது. அதற்குள் தந்தையார் நோயுற்று இறந்தார்; தாயாரும் உடன் உயிர்நீத்தார். பின்னர், கலிப்பகையார் களத்தில் மாண்டார் என்னும் செய்தி ஊரெங்கும் பரவி அம்மையார் செவிக்கும் எட்டியது. மணம் நிகழவில்லை, விடைபெறவும் வாய்க்கவில்லை. கைம்மை என்று பெயர் சொல்லவும் உலகவழக்கில் இடமில்லாத துயரம் அது.

பெற்றோர் தம்மை அவர்க்கென்று நேர்ந்தமையால் தம் உயிரும் அவர்க்கே உரியது எனக் கருதி, அம்மையார் உயிர்விடத் துணிந்தார். தம்பி மருள்நீக்கியார் அவர் அடிகளில் வீழ்ந்து, தமக்கையார் பிரிந்தால் தாம் அவர்க்கு முன்னே மாள்வதாகக் கூறி அழுதார். அச்சிறுவன்பொருட்டு அம்மையார் உயிர் தாங்கினார். துயரத்தால் உயிர்விடுதலை நம் அறநூல்களும் ஏற்பதில்லை. சல்லேகனை வேறு, இது வேறு. அணிகலன் துறந்து, எவ்வுயிர்க்கும் அருள் பூண்டு, மனையிலேயே அவர் தவமிருந்ததாகச் சேக்கிழார் பாடுகிறார். சமயம் வேறாயினும் இந்நோன்பின் அருமை நம் இல்லங்களில் அறியாததன்று.

வளர்ந்த தம்பியார் நிலையாமையை உணர்ந்து அறச்சாலைகளும் தண்ணீர்ப் பந்தர்களும் அமைத்தார்; மெய்ப்பொருள் தேடிப் பாடலிபுரம் அடைந்து, நம் நூல்களில் வல்லவராய்த் தருமசேனர் ஆனார். நமக்குப் பேறாக வந்தது அம்மையார்க்கு இரண்டாம் இழப்பாயிற்று என்பதை நாம் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். யாருக்காக உயிர் வைத்திருந்தாரோ அவரும் அகன்றார். அம்மையார் கெடிலக்கரைத் திருவதிகையில் மடம் அமைத்துத் தங்கி, கோயிலை நாடோறும் அலகிட்டு, மெழுகி, மலர்மாலை தொடுத்து வந்தார். அந்தக் கெடிலமே கீழ்த்திசை ஓடிப் பாடலிபுரத்தின் அருகே செல்கிறது.

சூலைநோயுற்ற தருமசேனர் ஓரிரவில் ஒருவரும் அறியாமல் பள்ளியை விட்டு நீங்கித் தமக்கையாரை அடைந்தார், நாவுக்கரசர் ஆனார். நம் முன்னோர்க்கு அன்று நேர்ந்ததும் விடைபெறாப் பிரிவே. பிற்காலத்தில் பல்லவ அரசன் பாடலிபுரத்துப் பள்ளிகளை இடித்து, அக்கற்களால் அதிகையில் குணதரவீச்சரம் எடுத்தான் எனப் பெரியபுராணம் கூறுகிறது.

பன்னிரண்டாம் நூற்றாண்டில் சிதம்பரத்து ஆயிரக்கால் மண்டபத்தில் அரங்கேறிய நூல் அது. நம் சிந்தாமணியைச் சோழன் விரும்பிக் கேட்டமையே அந்நூல் எழக் காரணம் என்பது மரபு. அதனாலேயே நம்மில் பலர் அதனைக் கையால் தொடுவதில்லை. திலகவதியார் வரலாற்றையேனும் ஒருமுறை படிக்கலாம்.

நாவுக்கரசர் தில்லை முதலிய தலங்களை வணங்கிச் சென்று, எண்பத்தொன்றாம் வயதில் திருப்புகலூரில் மறைந்தார் என்பர். புராணம் அவரைப் பின்தொடர்ந்தே நடக்கிறது. அம்மையாரின் இறுதியைத் தனித்துப் பாடாமல், அவரை அதிகையிலேயே விட்டுச் செல்கிறது.