'வைல்' லூப் நிற்காமல் சுற்றுதா? 1936-லேயே இதற்குப் பதில் சொன்ன ஆலன் டூரிங் யார்?

ஆவடி, பூந்தமல்லி பக்கம் உள்ள பொறியியல் கல்லூரிகளில் முதல் வருஷமே பைத்தான் வந்துவிடுகிறது. 'இஃப்' போட்டால் வழி பிரியும், 'வைல்' போட்டால் சுற்றும். சுற்றும்போது எண்ணில் ஒன்று கூட்ட மறந்தால் அவ்வளவுதான். கன்ட்ரோல்-சி அழுத்தித்தான் நிறுத்தணும்.

எந்த புரோகிராம் நிற்கும், எது நிற்காது என்று முன்கூட்டியே சொல்லும் ஒரு சாஃப்ட்வேர் எழுத முடியாதா? எல்லா புரோகிராமுக்கும் பொதுவாக முடியவே முடியாது. இந்த முடிவுக்கு அடித்தளமான ஆய்வுக் கட்டுரையை 1936-ல் டூரிங் எழுதினார். அப்போது வயது 23. இன்றைய கம்ப்யூட்டர் பிறக்கவே இல்லை!

நம்ம ஊர் தொடர்பும் உண்டு. அம்மா எத்தெல் சாரா ஸ்டோனி பிறந்தது கோவை போத்தனூரில். தாத்தா மெட்ராஸ் ரயில்வேயின் தலைமைப் பொறியாளர். அப்பா மெட்ராஸ் மாகாணத்தில் ஐ.சி.எஸ். அதிகாரி. டூரிங் பிறந்தது 1912 ஜூன் 23, லண்டனில். பெற்றோர் இந்தியாவில் இருக்க, அண்ணனும் தம்பியும் இங்கிலாந்தில் வேறொரு குடும்பத்தில் வளர்ந்தார்கள்.

அவர் கற்பனை செய்த மெஷினில் ஒரு நீள டேப், கட்டம் கட்டமாக. இந்தக் கட்டத்தில் இந்தக் குறி இருந்தால் இதை எழுது, இந்தப் பக்கம் நகரு, அடுத்து இந்த நிலைக்குப் போ. கிட்டத்தட்ட 'இஃப்-எல்ஸ்' தான்.

சரி, ஏன் முடியாது? இன்று பாடத்தில் சொல்லித்தரும் விதம் இது: அப்படி ஒரு சாஃப்ட்வேர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அது 'நிற்கும்' என்றால் சுற்றிக்கொண்டே இருக்கவும், 'நிற்காது' என்றால் உடனே நிற்கவும் இன்னொரு புரோகிராம் எழுதலாம். இதைப் பற்றி அந்த சாஃப்ட்வேர் எதைச் சொன்னாலும் பொய்யாகிவிடும்.

போரில் எனிக்மா ரகசியக் குறியீட்டை உடைத்த கதை சினிமாவாகவே வந்துவிட்டது. அதிகம் பேசப்படாதது 1946. துணை நிரலுக்குத் தாவிய புரோகிராம் விட்ட இடத்துக்கே திரும்ப, அந்த முகவரியை 'புதைத்து', பிறகு 'தோண்டி எடுக்கும்' முறையை எழுதினார். பைத்தானில் 'ரிட்டர்ன்' வரும்போது நடப்பதும் இதேதான்.

1949-ல் கேம்பிரிட்ஜில் இன்னொன்று சொன்னார். பொதுவாக முடியாதுதான், ஆனால் கையில் இருக்கும் ஒரு புரோகிராம் நிற்கும் என்று காட்ட வழி உண்டு: ஒவ்வொரு சுற்றிலும் குறைந்துகொண்டே போகும் ஓர் அளவைக் கண்டுபிடித்தால் போதும்.

தன்பாலின உறவுக்காக 1952-ல் தண்டிக்கப்பட்டார். சிறைக்குப் பதில் ஹார்மோன் சிகிச்சை. 1954 ஜூன் 7-ல் சயனைடு விஷத்தால் மரணம், வயது 41. விசாரணை தற்கொலை என்றது. அம்மா கடைசிவரை அதை ஏற்கவில்லை. 1959-ல் மகனின் வாழ்க்கை வரலாற்றை எழுதி வெளியிட்டார். பிரிட்டனின் அரச மன்னிப்பு வந்தது 2013 டிசம்பரில்தான்.