கணக்கெடுப்பில் பிறந்தவர் வரைந்த காடு!

கொடைக்கானல் ட்ரிப்ல ஏதோ ஒரு கஃபே சுவரிலோ, ஃபிரெண்டோட மொபைல் கவரிலோ இந்தப் படத்தைப் பார்த்திருப்பீங்க. ஒரு மான். அதன் கொம்பு அப்படியே கிளைவிட்டு மரமாகியிருக்கும். உடம்பு முழுக்கப் பொடிப்பொடிப் புள்ளிகள். கீழே 'கோண்டு ஓவியம்' என்று இருந்தால், ஆயிரம் வருஷப் பழங்குடிக் கலைபோல என்று நினைத்து ஸ்க்ரோல் பண்ணியிருப்பீங்க.

ஆனா, இன்றைக்கு நீங்க பார்க்கிற இந்தப் பாணி காகிதத்துக்கு வந்தது 1980-களில்தான். கொண்டுவந்தவருக்கு ஒரு பேரும் இருக்கு: ஜன்கர் சிங் ஷ்யாம்.

அந்தப் பேரே ஒரு கதை. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடந்த சமயத்தில் பிறந்த குழந்தை என்பதால் அப்படி வைத்தார்கள் என்பார்கள். ஊர், மத்தியப் பிரதேசத்தின் பட்டன்கர். ஜன்கர், பர்தான் சமூகத்தைச் சேர்ந்தவர். கோண்டு மக்களின் வீடு வீடாகப் போய், 'பானா' என்ற நரம்பு வாத்தியத்தை இசைத்து, சாமி கதைகளைப் பாடுவதுதான் பர்தான்களின் பரம்பரைத் தொழில். ஆதரித்தவர்கள் கை சுருங்க, பாட்டும் சுருங்கியது. ஜன்கர் பள்ளியைப் பாதியில் விட்டு எருமை மேய்த்தார், கூலி வேலைக்குப் போனார். நடுவில் வீட்டுச் சுவர்களில் வரைந்தார்.

1981-ல் போபாலில் 'பாரத் பவன்' கலை மையத்துக்காக ஓவியர் ஜெ.சுவாமிநாதன் கிராமங்களுக்கு ஆள் அனுப்பினார். இந்த சுவாமிநாதன், சிம்லாவில் பிறந்த தமிழர்! பட்டன்கரில் ஒரு சுவரில் இருந்த அனுமன் படம் அவர்கள் கண்ணில் பட, இளைஞர் ஜன்கர் போபாலுக்கு வந்தார். பளீர் போஸ்டர் கலரில் முதன்முதலாகத் தூரிகையைத் தொட்டபோது உடம்பே நடுங்கியதாகப் பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

நடுங்காதா பின்னே? அதுவரை பாட்டில் மட்டுமே இருந்த தெய்வங்களுக்கு அவர்தான் முகம் வரைந்துகொண்டிருந்தார்!

1986-ல் மத்தியப் பிரதேச அரசின் சிகர் சம்மான். 1989-ல் பாரிஸின் பாம்பிடூ மையத்தில், உலகக் கலைஞர்களோடு கண்காட்சி. போபால் சட்டமன்றக் கட்டடச் சுவரிலும் அவர் ஓவியம் ஏறியது.

எனக்கு இதையெல்லாம்விடப் பிடித்த விஷயம் வேற. ஊரிலிருந்து சொந்தக்காரர்களை ஒவ்வொருவராக வரவழைத்துத் தன் வீட்டிலேயே தங்கவைத்தார். முதலில் தன் ஓவியங்களில் புள்ளி நிரப்பும் வேலை. கை பழகினதும், உனக்குன்னு ஒரு புள்ளி, ஒரு கோடு கண்டுபிடி என்று தனியே வரையவிட்டார். அதனாலதான் இன்றும் கையெழுத்தைப் பார்க்காமலே, புள்ளியை வைத்தே இது யார் ஓவியம் என்று சொல்லிவிடலாம். போபாலில் இரவுக் காவலாளியாக இருந்த உறவுக்காரர் பஜ்ஜு ஷ்யாமும் இப்படி வந்தவர்தான். 2018-ல் அவருக்கு பத்மஸ்ரீ. மனைவி நன்குசியாவும் ஓவியர்.

முடிவு மட்டும் மனசைப் பிசையும். ஜப்பானில் இருக்கும் மிதிலா மியூசியத்தில் வரைவதற்காகப் போனவர், 2001 ஜூலையில் அங்கேயே உயிரை மாய்த்துக்கொண்டார். வயது 40-ஐ ஒட்டித்தான். ஊர் திரும்ப ஏங்கி வீட்டுக்குக் கடிதங்கள் எழுதியிருந்தார். உலகம் கொண்டாடிய கலைஞர் எந்த ஒப்பந்தத்தில், எந்த நிலைமையில் வேலை பார்த்தார் என்று இந்திய ஓவியர்கள் கேள்வி எழுப்பினார்கள். 'பழங்குடிக் கலை' என்று பொதுப்பேர் வைத்துவிட்டால், வரைந்தவரின் பேரும் கூலியும் சுலபமாகக் காணாமல்போகும், இல்லையா? அந்த மொபைல் கவரில் யார் பேரும் இல்லை, பாருங்க.

அவர் வாரிசுகளின் வேலையைப் பார்க்க போபால்வரை போக வேண்டாம். பஜ்ஜு ஷ்யாம், துர்கா பாய், ராம் சிங் உர்வேதி மூவரும் மரங்களை வரைந்த ஒரு புத்தகத்தை சென்னையின் தாரா புக்ஸ் வெளியிட்டிருக்கிறது. கறுப்புத் தாளில், பக்கம் பக்கமாகக் கையால் ஸ்க்ரீன் பிரின்ட் செய்தது. அட்டையில் மூன்று பேரின் பேரும் இருக்கும்.