கடுகின் மலை உறவுகளைத் தேடிப்போன ஹூக்கர்

திருப்பாச்சூர் பக்கம் கடுகை வயலில் பார்ப்பதைவிட அஞ்சறைப் பெட்டியில் பார்ப்பதே அதிகம். முள்ளங்கியும் முட்டைக்கோஸும் அதே குடும்பம்தான். இவற்றுக்கு இமயமலையில், பனிக்கு அருகே, விரல் உயரமே வளரும் உறவுகளும் உண்டு. ‘டிராபா’ என்ற அந்தச் செடிகள் நான்கே இதழ்கள் கொண்ட மஞ்சள் அல்லது வெள்ளைப் பூக்கள் பூக்கும். அவற்றில் சிலவற்றுக்கு முதலில் பெயர் வைத்தவர்களில் ஒருவர், ஜோசப் டால்டன் ஹூக்கர்.

1817-ல் இங்கிலாந்தில் பிறந்த ஹூக்கர், மருத்துவம் படித்துவிட்டு ‘எரிபஸ்’ கப்பலில் தென்துருவக் கடலுக்குப் போனார். 1840-ல் கெர்கெலன் தீவில் கப்பல் நின்றபோது, அங்கே காடாக வளர்ந்திருந்த ஒரு காட்டு முட்டைக்கோஸ்தான் மாலுமிகளுக்குக் கீரையானது. ஈறு வீங்கி ரத்தம் கசியும் ஸ்கர்வி நோய்க்கு மருந்தும் அதுவே. அதுவும் கடுகுக் குடும்பம்தான்.

1848-ல் டார்ஜிலிங் வந்தார். லெப்சா சுமைதூக்கிகளின் துணையோடு சிக்கிமில் 18,000 அடிக்கு மேலும் ஏறினார். (அவர்கள் இல்லாமல் ஒரு செடிகூடக் கீழே வந்திருக்காது.) தடையை மீறித் திபெத் எல்லையைத் தாண்டியதால் 1849-ல் சிக்கிம் அதிகாரிகள் அவரைச் சில வாரம் சிறைவைத்தார்கள், அவர்கள் பக்கமும் நியாயம் இருந்தது.

செடியோடு அது வளர்ந்த உயரத்தையும் அவர் குறித்து வைத்தார். மேலே போகப் போகத் தண்ணீர் குறைந்த வெப்பத்திலேயே கொதிக்கும். அதை வெப்பமானியில் பார்த்து உயரத்தைக் கணக்கிட்டார். என் பார்வையில், அவர் வேலையிலேயே அதிகம் பயன்பட்டது இந்தக் குறிப்புகள்தான்.

நண்பர் தாமஸ் தாம்சனோடு சேர்ந்து 1861-ல் இந்தியக் கடுகுக் குடும்பச் செடிகளை வகைப்படுத்தி வெளியிட்டார். டிராபா டிபெட்டிகா, டிராபா கிராசில்லிமா ஆகிய பெயர்கள் அதில் வந்தவை. 1865 முதல் 20 ஆண்டுகள் கியூ தாவரவியல் பூங்காவின் இயக்குநராக இருந்தார். பிரிட்டிஷ் இந்தியாவின் தாவரங்களைப் பற்றிய ஏழு தொகுதிகளை 1897-ல் முடித்தார். 1911-ல், 94 வயதில் காலமானார்.

அவருடைய சிக்கிம் குறிப்புகளோடு இன்றைய நிலையை ஒப்பிட்ட ஆய்வொன்று 2013-ல் வெளியானது. அங்கு மட்டுமே வளரும் 124 செடி வகைகளில் 87 சதவீதம், வெப்பம் கூடியதால் இடம் மாறியிருந்தன, பெரும்பாலும் மேல்நோக்கி. ஏற்கெனவே உச்சிக்குப் பக்கத்தில் இருக்கும் டிராபா போன்றவற்றுக்கு, அதற்கு மேல் ஏற இடம் அதிகமில்லை.