பதினோரிடத்தும் நின்ற வினு மன்கட்

வவுனியா நகரிலிருந்து மன்னார் செல்லும் வீதியில், நகரை விட்டகன்ற சிறிது தூரத்திலேயே நெளுக்குளம் என்னும் ஊர் வந்துவிடும். குளத்தையும் வயலையும் நம்பி வாழ்ந்த பழைய குடிகளும், காலத்தின் கொடுமையால் இடம்பெயர்ந்து வந்து வேரூன்றிய புதிய குடிகளும் ஒருங்கே வாழும் ஊர் இது. அறுவடை முடிந்து வயல் வெறுமையாய்க் கிடக்கும் மாதங்களில், மாலைப்பொழுதானதும் சிறுவர்கள் துடுப்பும் பந்தும் ஏந்தி அங்கே குழுமுவர். இலக்கணமும் இலக்கியமும் கற்பிப்பதையே தொழிலாகக் கொண்ட யான், அவ்வழியே செல்லுங்கால் சிறிது நின்று பார்ப்பதன்றி, அவ்விளையாட்டில் வேறு தொடர்பு கொண்டவனல்லேன்.

ஆயினும், சில ஆண்டுகளுக்கு முன்னர், விளையாட்டுக்குப் பொறுப்பாயிருந்த ஆசிரியர் மாற்றலாகிச் செல்ல, 15 வயதுக்குட்பட்ட சிறுவர் அணிக்குத் துடுப்பாட்ட வரிசை வகுத்துக் கொடுக்கும் பொறுப்பு என்பால் வந்து சேர்ந்தது. பரீட்சைப் பெறுபேற்றின்படி மாணாக்கரை முதலாம் பிள்ளை, இரண்டாம் பிள்ளை என நிரற்படுத்தி எழுதிப் பழகிய கை, இதனையும் அவ்வாறே எழுதிற்று. வகுப்பில் முன்னிற்கும் பிள்ளைகளும், ஊரில் மதிப்புடையோர் வீட்டுப் பிள்ளைகளும் மேலே நின்றனர். கூலிவேலை செய்து பிழைக்கும் தாய் ஒருத்தியின் மகன், வாய் திறந்து எதனையும் கேட்டறியாதவன், பதினோராம் பெயராய்க் கடைசியில் நின்றான். கரும்பலகையைச் சிறிது நேரம் பார்த்துக்கொண்டு நின்ற அப்பிள்ளை, ஒன்றும் கூறாது புத்தகப் பையை எடுத்துக்கொண்டு வீடு சென்றான். மறுநாள் பயிற்சிக்கு வந்திலன்.

அன்றிரவு என் மனம் அமைதி கொள்ளவில்லை. யான் எழுதியது ஆட்டத்துக்குரிய ஒழுங்கா, அன்றிப் பிள்ளைகளின் தரத்தைக் கூறும் பட்டியலா என்னும் ஐயம் எழுந்தது. அவ்வையத்தைத் தீர்க்கப் புகுந்து யான் தேடிக் கற்றவற்றுள், முன்னாளில் இந்திய அணியின் தூணாய் விளங்கிய வினு மன்கட் என்பாரின் வாழ்க்கை என் உள்ளத்தைப் பெரிதும் கவர்ந்தது. அதனையே ஈண்டு வாசக நேயர்களுக்குக் கூற விழைகின்றேன்.

வாழ்க்கையைக் கூறுமுன், துடுப்பாட்ட வரிசை என்பது யாதென்று சிறிது விளக்குதல் நலம். ஆட்டம் தொடங்கும்போது பந்து புதியது. கடினமும் பளபளப்பும் உடையது. காற்றில் வளைந்து வரும். ஆகவே முதலிருவராய் இறங்குவோர் பொறுமையும் உறுதியான தடுப்பாட்டமும் உடையவராதல் வேண்டும். மூன்றாமவர் இரண்டாம் பந்திலேயே இறங்கவும் நேரலாம்; இரண்டு மணி நேரம் காத்திருக்கவும் நேரலாம். இரண்டுக்கும் ஆயத்தமானவரே அவ்விடத்துக்குரியவர். நடுவில் வருவோர் ஓட்டங்களைப் பெருக்குவர். பத்தாவது விக்கெட் வீழ்ந்ததும் ஆட்டம் முடிந்துவிடுமாதலின், பதினோராமவர் தம் விக்கெட்டைக் காத்துநின்றால்தான் மறுமுனையில் நிற்பவர் ஓட்டம் சேர்க்க இயலும்.

இதனையொத்ததும் அமெரிக்கரின் பெருவிருப்புக்குரியதுமாகிய பேஸ்போல் ஆட்டத்தில், வீரர் ஒன்பதின்மரின் வரிசை ஆட்டத்துக்கு முன்னரே எழுதி நடுவரிடம் கொடுக்கப்படும். பின்னர் அதனை மாற்றுதல் இயலாது. 1929 ஆம் ஆண்டில் நியூயோர்க் யாங்கீஸ் அணியினர் அவ்வரிசை எண்களையே சட்டையின் முதுகிற் பொறித்தனர். பேப் ரூத் மூன்றாம் எண்ணையும், லூ கெரிக் நான்காம் எண்ணையும் அணிந்தனர். கிரிக்கெட்டிலோ அத்தகைய கட்டுப்பாடு இல்லை. அணித்தலைவர் நிலைமையறிந்து எவரையும் எப்போதும் அனுப்பலாம். இவ்வுரிமையால் ஒரே வீரர் பல இடங்களிலும் நின்றாடும் வாய்ப்பு உண்டாகின்றது. அவ்வாய்ப்பின் எல்லையைக் கண்டவர் மன்கட்.

அவருடைய இயற்பெயர் முல்வந்தராய் இம்மத்லால் மன்கட் என்பது. வினு என்பது இளமையில் வழங்கிய செல்லப்பெயர். அதுவே உலகறிந்த பெயராயிற்று. 1917 ஆம் ஆண்டு ஏப்ரல் 12 ஆம் நாள், இன்றைய குசராத் மாநிலத்திலுள்ள ஜாம்நகரில் அவர் பிறந்தார். அந்நாளில் அது நவநகர் சமஸ்தானத்தின் தலைநகர். கிரிக்கெட்டில் அழியாப் புகழ் பெற்ற இரஞ்சித்சிங்ஜி மன்னராயிருந்து ஆண்ட மண் அது. இங்கிலாந்தின் சசெக்ஸ் அணியில் ஆடிய வென்ஸ்லி என்பார் அங்கு வந்து பயிற்சியளித்தபோது, மன்கட்டின் இடக்கைச் சுழற்பந்து செம்மை பெற்றது. பந்து வீசுவது இடக்கையால்; துடுப்பெடுத்தாடுவதோ வலக்கையாளர் முறையில். 1936-37 இல் நவநகர் அணி இரஞ்சிக் கிண்ணத்தை வென்றபோது, இருபது வயதும் நிரம்பாத மன்கட் அவ்வணியில் இடம்பெற்றிருந்தார். அடுத்த பருவத்தில் டெனிசன் பிரபுவின் தலைமையில் வந்த இங்கிலாந்து அணிக்கெதிராகத் துடுப்பிலும் பந்திலும் ஒருங்கே சிறந்து விளங்கினார்.

ஆனால் ஊழ் அவரைக் காக்கவைத்தது. உலகப் போர் மூண்டு, சர்வதேச ஆட்டங்கள் ஆண்டுக்கணக்கில் நின்றுபோயின. 1946 ஆம் ஆண்டு இலண்டன் லோர்ட்ஸ் மைதானத்தில் முதலாவது டெஸ்ட் போட்டியில் ஆடும்போது அவருக்கு வயது 29. இளமையின் நல்லாண்டுகள் கழிந்தனவே என்று அவர் சோர்ந்திலர். அச்சுற்றுப்பயணம் முழுவதிலும் 1120 ஓட்டங்கள் பெற்று, 129 விக்கெட்டுகளையும் வீழ்த்தினார். 1947-48 இல் அவுஸ்திரேலியா சென்றபோது மெல்பேர்ண் மைதானத்தில் இரண்டு சதங்கள் அடித்தார்.

அப்பயணத்தில் நிகழ்ந்த ஒரு நிகழ்ச்சி அவருடைய பெயரை வேறு வகையில் உலகெங்கும் பரப்பிற்று. சிட்னி டெஸ்ட் போட்டியில், பந்து வீசப்படுமுன் தமக்குரிய கோட்டினைக் கடந்து முன்னேறிய பில் பிரவுண் என்னும் வீரரை, விக்கெட்டைத் தட்டி ஆட்டமிழக்கச் செய்தார். அதற்கு முந்திய ஓர் ஆட்டத்தில் அவரை எச்சரித்தும் இருந்தார். செயல் விதிக்கு உட்பட்டதே. எதிரணித் தலைவரான பிராட்மனும் அதிற் குறை காணவில்லை. எனினும், அம்முறையில் ஒருவர் ஆட்டமிழப்பதற்கே மன்கட் என்று பெயர் வைத்துச் சிலர் இகழ்ந்தனர். 2022 ஆம் ஆண்டு விதிகளில் செய்யப்பட்ட திருத்தம், அதனை நேர்மையற்ற ஆட்டம் பற்றிய பகுதியிலிருந்து நீக்கி, ஏனைய ரன் அவுட் வகைகளோடு சேர்த்தது. அப்பழி நீங்குவதற்கு எழுபத்தைந்து ஆண்டுகள் சென்றன.

இந்திய அணி முதன்முதலாக டெஸ்ட் போட்டியொன்றில் வெற்றி கண்டது 1952 பெப்ரவரியில், நம் தமிழ்நாட்டுச் சென்னை நகரின் சேப்பாக்கம் மைதானத்தில். இங்கிலாந்தின் முதலாவது இன்னிங்ஸில் 55 ஓட்டங்களுக்கு எட்டு விக்கெட்டுகளையும், இரண்டாவதில் 53 ஓட்டங்களுக்கு நான்கு விக்கெட்டுகளையும் மன்கட் வீழ்த்தினார். இருபதாண்டுகள் காத்திருந்த வெற்றி அன்று கைகூடிற்று.

அத்தகையவருக்கும் சில மாதங்களில் ஒரு சிறுமை நேர்ந்தது. ஆட்டமே அவருடைய பிழைப்பு. இங்கிலாந்தின் இலங்காசயர்ப் பகுதியில் ஹஸ்லிங்டன் கழகம் ஊதியம் கொடுத்து அவரை அழைத்திருந்தது. 1952 சுற்றுப்பயணத்தில் தமக்கு இடமுண்டென்னும் உறுதி கிடைப்பின் அவ்வூதியத்தைக் கைவிட அவர் இசைந்தார். அவ்வுறுதி கிடைக்கவில்லை. அணி அவரின்றியே சென்றது. முதற் போட்டியின் இரண்டாவது இன்னிங்ஸில், ஓர் ஓட்டமும் பெறாத நிலையில் நான்கு விக்கெட்டுகள் சரிந்தன. பின்னரே கழகத்தாரிடம் கேட்டு மன்கட்டை அழைத்துக்கொண்டனர்.

லோர்ட்ஸ் மைதானத்தில் நிகழ்ந்த அந்தப் போட்டியே அவர் வாழ்வின் சிகரம். தொடக்க வீரராய் இறங்கி 72 ஓட்டங்கள் பெற்றார். பின்னர் இங்கிலாந்து துடுப்பெடுத்தாடியபோது 73 ஓவர்கள் வீசி ஐந்து விக்கெட்டுகளை வீழ்த்தினார். அத்துணை நேரம் பந்து வீசிய ஒருவர், ஓய்வு வேண்டிக் கீழ்வரிசைக்குச் சென்றிருந்தால் எவரும் குறை கூறியிரார். அவரோ மீண்டும் தொடக்க வீரராய் இறங்கி 184 ஓட்டங்கள் பெற்றார். இந்தியா அப்போட்டியில் எட்டு விக்கெட்டுகளால் தோற்றது. ஆயினும் இன்றளவும் பேசப்படுவது வென்றவர் பெயரன்று, மன்கட்டின் பெயரே.

1956 சனவரியில் மீண்டும் சென்னை. இம்முறை கோர்ப்பரேஷன் மைதானத்தில், நியூசிலாந்துக்கெதிராக, பங்கஜ் ரோய் என்பாருடன் சேர்ந்து முதலாவது விக்கெட்டுக்கு 413 ஓட்டங்கள் குவித்தார். அவர் தனித்துப் பெற்றவை 231. அவ்விணைப்பாட்டம் 52 ஆண்டுகள் உலக சாதனையாய் நின்று, 2008 இலேயே முறியடிக்கப்பட்டது. அந்த 231 ஓட்டங்களை இந்தியர் ஒருவர் கடந்தது 1983 திசம்பரில், அதுவும் சென்னையிலேயே. கடந்தவர் சுனில் கவாஸ்கர். வழக்கமாகத் தொடக்க வீரராய் வரும் அவர், அன்று தம் இடத்தை விட்டு நான்காமவராய் வந்தார். வந்தபோது ஓட்டம் எதுவுமின்றி இரண்டு விக்கெட்டுகள் வீழ்ந்திருந்தன. 236 ஓட்டங்களோடு ஆட்டமிழக்காது நின்றார்.

இனி யான் தேடிய விடைக்கு வருகின்றேன். மன்கட் 44 டெஸ்ட் போட்டிகளில் 72 முறை துடுப்பெடுத்தாடி, 2109 ஓட்டங்கள் பெற்றார். 162 விக்கெட்டுகளை வீழ்த்தினார். 1000 ஓட்டங்களையும் 100 விக்கெட்டுகளையும் 23 போட்டிகளிலேயே எட்டினார். அந்த 72 முறைகளுள், முதலாம் இடந்தொடங்கிப் பதினோராம் இடம்வரை ஒவ்வோரிடத்திலும் அவர் நின்றாடியுள்ளார். டெஸ்ட் வரலாற்றில் இவ்வாறு பதினோரிடமும் கண்டோர் மிகச் சிலரே. இங்கிலாந்தின் வில்பிரட் ரோட்ஸ் அவருள் ஒருவர். உலக சாதனை படைத்த தொடக்க வீரர், அணிக்கு வேண்டியபோது கடைசி மனிதராயும் இறங்கினார். கடைசியில் நின்றமையால் அவருடைய பெருமை சிறிதும் குறைந்திலது.

இதனை உணர்ந்தபோது யான் நாணினேன். வெண்பாவின் ஏனைய அடிகள் நாற்சீருடையன, ஈற்றடியோ முச்சீருடையது. சீர் குறைந்தமையால் அதனைத் தாழ்ந்த அடி என்பார் எவருமிலர். பாட்டை முடித்துவைப்பது அவ்வடியே ஆதலின், புலவர் அதன்பால் மிகுந்த கருத்தூன்றுவர். ஆண்டாண்டாக இதனைக் கற்பித்து வந்த யான், பதினோராம் பெயரை எழுதுங்கால் இதனை எண்ணினேனல்லேன். வள்ளுவர் தெரிந்து வினையாடல் என ஓர் அதிகாரமே வகுத்திருப்பதும் அப்போது நினைவுக்கு வந்திலது. தொழிலைக் கூறாது எண்ணை மட்டும் எழுதியதே என் பிழை. தொழில் கூறாத எண், சிறுவன் ஒருவனுக்கு அவமதிப்பாய்த் தோன்றுவதில் வியப்பில்லை. மேலும், யான் எழுதிய வரிசையில் அவமதிப்பு உண்மையாகவே இருந்தது என்பதையும் மறைத்தற்கில்லை.

மறுநாள் மாலை அப்பிள்ளையின் வீட்டிற்குச் சென்றேன். பண்டிதர் ஐயா வீடு தேடி வந்தாரே என்று தாய் பதறிப் பாய் விரித்தாள். என் பிழையை அவள் முன்னிலையிலேயே அப்பிள்ளையிடம் ஒப்புக்கொண்டு, மன்கட்டின் கதையையும் கூறினேன். அவன் முகம் முற்றாகத் தெளிந்ததென்று சொல்லமாட்டேன். ஆயினும் அடுத்த நாள் பயிற்சிக்கு வந்தான். அதன்பின் பயிற்சி ஆட்டங்களில் ஒவ்வொரு பிள்ளையையும் எல்லா இடங்களிலும் மாறி மாறி இறக்கினோம். முதலில் இறக்கியபோது அப்பிள்ளை ஓட்டம் பெறாமலே திரும்பினான். பின்னர், கடைசி விக்கெட்டைக் காத்துநிற்பது தனக்கு இயலும் என்று அவனே கண்டுகொண்டான். முன்வரிசைப் பிள்ளைகளுள் ஒருவன், நடுவிடமே தனக்கு ஏற்றதெனத் தானாகவே கேட்டு இறங்கிவந்தான். அன்று தொடங்கிக் கரும்பலகையில் பெயர்களை எழுதும்போதெல்லாம், ஒவ்வொரு பெயரின் பக்கத்திலும் அவன் செய்யவேண்டிய தொழிலையும் எழுதி வருகின்றேன்.

மன்கட் தம் கடைசி டெஸ்ட் போட்டியை 1959 இல் ஆடினார். அவருடைய மைந்தர் மூவரும் கிரிக்கெட் வீரராயினர். மூத்தவரான அசோக் மன்கட் இந்திய அணியிலும் ஆடினார். 1978 ஆம் ஆண்டு ஆகத்து 21 ஆம் நாள், தமது 61 ஆம் வயதில், வினு மன்கட் பம்பாய் நகரில் மறைந்தார். 2021 இல் சர்வதேச கிரிக்கெட் பேரவை தனது புகழ்வரிசையில் அவரைச் சேர்த்துக்கொண்டது. இந்தியாவில் 19 வயதுக்குட்பட்ட இளைஞர் ஆடும் கிண்ணம் ஒன்று அவர் பெயரால் வழங்குகின்றது. அக்கிண்ணத்துக்காக ஆடும் அணி ஒவ்வொன்றிலும் பதினோராமவனாய் ஓர் இளைஞன் இருப்பான். தன் கிண்ணத்துக்குப் பெயர் தந்தவரும் அவ்விடத்தில் நின்றவரே என்பதை எவரேனும் அவனுக்கு எடுத்துச் சொல்வராயின் நலமாகும்.